பைக் மீனுக்கு லூர் (செயற்கை இரை) போடுவது எப்படி? அடித்துவிட்டுத் தப்பினால் என்ன செய்வது?

சிம்கோ ஏரியின் குக்ஸ் விரிகுடா, ரொறன்ரோ தீவுகளின் உள்வாய்க்கால்கள் என்று நம்மவர்கள் தூண்டிலோடு நிற்கும் பல இடங்களில் நோர்தர்ன் பைக் உண்டு. ஊரில் சீலா பார்த்தவர்களுக்கு இதைக் காட்டித் தர வேண்டியதில்லை. அதே நீண்ட உடல், அதே பல்வரிசை.

லைசன்ஸ், உங்கள் மண்டலத்தின் பருவகாலம், எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் ஒன்ராறியோ அரசின் இணையதளத்தில் இருக்கிறது. போகுமுன் பாருங்கள். நூல் சுற்றவும் வீசவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. நூலும் லீடரும்

30 பவுண்டு தாங்கும் பிரெயிட் (பின்னிய நூல்) போதும். நைலோன் வேண்டாம், ஏன் என்று கீழே வரும். நுனியில், நூலுக்கும் லூருக்கும் நடுவே, பல் அறுக்காத ஓரடிக் கம்பித் துண்டு (லீடர்) கட்டாயம். தடித்த ஃபுளோரோகார்பன் நூல் போதும் என்று சிலர் வாதாடுவார்கள், நான் கேட்பதில்லை. நூல் அறுந்தால் நமக்குப் போவது ஒரு லூர்தான். மீன் அதை வாயில் மாட்டிக்கொண்டு திரியும்.

2. லூர்

மூன்று வாங்கினால் ஒரு பருவம் ஓட்டலாம்: சிவப்பு வெள்ளை டார்டெவில் ஸ்பூன் (கரண்டி வடிவத் தகடு), 5ஆம் நம்பர் மெப்ஸ் ஸ்பின்னர் (சுழலும் தகடுள்ளது), ஐந்து அங்குல ரப்பர் மீன். பாசி அடர்ந்த இடமென்றால் தூண்டில் முள்ளை மறைக்கும் கம்பியுள்ள ஜோன்சன் சில்வர் மின்னோ ஸ்பூன். கடையில் பளபளக்கும் பெட்டி செட்டுகளைப் பார்த்து மயங்காதீர்கள். அவற்றில் முள் மட்டமானது.

3. எங்கே வீசுவது

பைக் பதுங்கியிருந்து பாயும் மீன். பாசியின் ஓரம்தான் அதன் வாசல். அதற்குக் குறுக்கே வீசாமல் ஓரத்தோடு ஒட்டி வீசுங்கள், லூர் அதிக நேரம் அதன் பார்வையில் இருக்கும். மே மாதத்தில் ஆழமில்லாத விரிகுடாக்கள் நல்லவை. வெயில் ஏறினால் பெரியவை குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும்.

4. அடித்தது, ஆனால் கொழுவவில்லை

என்னை நீண்ட நாள் படுத்தியது இதுதான். தண்ணீர் கொப்பளிக்கும், கம்பு அதிரும், அடுத்த நொடி ஒன்றும் இருக்காது.

பைக் பெரும்பாலும் இரையைக் குறுக்காகக் கவ்வும். பிறகுதான் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். குறுக்காகக் கவ்விய லூரைப் பற்கள் இறுக்கிப் பிடித்துவிட்டால், நாம் இழுத்தாலும் லூர் வாய்க்குள் நகராது. நகராத முள் எப்படி ஏறும்? படகு வரை இழுபட்டு வந்து, நம் முகத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்து லூரைத் துப்பிவிட்டுப் போவதும் இதனால்தான். நைலோன் இழுபட்டு, நீங்கள் கொடுக்கும் விசையில் பாதியைத் தின்றுவிடும். மொட்டை முள் மீதியைக் கெடுக்கும்.

எனவே முதலில் முள். நுனியைக் கட்டைவிரல் நகத்தில் மெதுவாக வைத்து இழுத்துப் பாருங்கள். கீறி நின்றால் சரி. வழுக்கினால் சின்ன அரத்தால் தீட்டுங்கள். கல்லில் உரசிய பிறகு ஒவ்வொரு முறையும் இது தேவை.

அடுத்தது, முள் ஏறக் கம்பைச் சுண்டுவது. சத்தத்துக்கோ தண்ணீர் தெறிப்பதற்கோ சுண்டாதீர்கள். கையில் பாரம் தெரிய வேண்டும். தெரிந்ததும் கம்பை மேலே தூக்காமல், தண்ணீரோடு தாழ்வாகப் பக்கவாட்டில் வலுவாக இழுங்கள். மேலே தூக்கினால், தப்பிய லூர் தண்ணீரை விட்டே பறந்துவிடும். பக்கவாட்டில் இழுத்தால் அது இன்னும் மீனின் முன்னால்தான் இருக்கும்.

தப்பிவிட்டதா? சுற்றுவதை நிறுத்தாதீர்கள். கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று, அப்புறம் ஒரு நொடி சும்மா விடுங்கள். இரண்டாவது அடி பல நேரம் அந்த இடைவெளியில்தான் விழும். வராவிட்டால் அதே இடத்துக்குச் சற்று அப்பால் வீசி, லூரை அதன் வழியாகக் கொண்டு வாருங்கள். மீனின் தலையில் போடாதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் பத்து நிமிடம் வேறு பக்கம் வீசிவிட்டு, சிறிய ரப்பர் மீனோடு மெதுவாகத் திரும்பி வாருங்கள். முள் குத்தாத மீன் அங்கேயே நிற்க வாய்ப்பு அதிகம். குத்துப்பட்டதென்றால் ஆசையை விடலாம்.

காத்திருக்கும் நேரத்தில் லூரைப் பாருங்கள். பல் கீறல் வாலில் மட்டும் இருந்தால் மீன் பின்னாலிருந்து கடித்திருக்கிறது, வேகத்தைக் குறையுங்கள். நடு உடலில் ஆழமாக இருந்தால் மீன்மேல் குற்றமில்லை, முள்ளைத் தீட்டுங்கள்.

5. கழற்றுவது

நீண்ட மூக்குக் குறடும் முள் வெட்டும் கட்டரும் இல்லாமல் போகவே வேண்டாம். முள் ஆழமாகப் போயிருந்தால் இழுபறி செய்யாமல் வெட்டிவிடுங்கள். (சமைக்க எடுப்பவர்களுக்கு: இதன் சதையில் கவட்டை முள் வரிசை இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் கவனம்.)

பிற்சேர்க்கை: ரப்பர் மீனின் வாலை மட்டும் கடித்துப் போகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஜிக் முள்ளின் (ரப்பர் மீனில் கோக்கும் பாரத்தலை முள்) வளையத்திலிருந்து ஒரு துண்டுக் கம்பியில் மூன்று நுனி முள் ஒன்றைக் கட்டி, வாலுக்கு முன்னால் வயிற்றில் குத்திவிடுங்கள். கம்பி கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், இல்லையென்றால் வால் ஆடாது. சட்டப்படி சரியா என்றும் கேட்டிருந்தார்கள். ஒன்ராறியோவில் ஒரு நூலில் நான்கு முள் வரை போடலாம், மூன்று நுனி முள்ளும் ஒன்றாகத்தான் கணக்கு.

படகு வரை பின்தொடர்ந்து வந்து கடிக்காமல் நிற்பதற்கு: லூரைத் தூக்காமல் கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு வடிவில் அகலமாகச் சுற்றுங்கள். லீடர் கம்பின் வளையத்துக்குள் போகாதபடி ஒன்றரை அடி நூல் வெளியே இருக்க வேண்டும். டிராக்கையும் (நூல் சுருளின் பிரேக்) சற்றுத் தளர்த்தி வையுங்கள், அவ்வளவு கிட்டத்தில் அடித்தால் பிரெயிட் துளியும் விட்டுக்கொடுக்காது.