வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? பத்திரத்தில் பெயர் போடும் முன்

வாடகை வருமானத்துக்காக வீடு வாங்கப் போகிறவர்களிடம் வில்லங்கம் பார்த்தாயா, மூலப்பத்திரம் இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. அதை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். யார் பெயரில், எவ்வளவு பங்கு என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். முதல் வீடு வாங்கியபோது நானும் அதையேதான் சொன்னேன்.

பங்கு எழுதாத கூட்டுப் பத்திரம்

அண்ணன் தம்பியோ நண்பர்களோ சேர்ந்து வாங்குவார்கள். பத்திரத்தில் இரண்டு பெயர் இருக்கும், பங்கு இருக்காது. அவரவர் போட்ட பணத்துக்கு ஏற்பப் பங்கு என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் சமபங்குதான். 70 சதவீதம் கொடுத்தவர் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எதைக் காட்டுவார்?

எனக்குத் தெரிந்த இரண்டு நண்பர்கள் இப்படி ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். இனி முழு வீடும் தனக்கு என்று மற்றவர் நினைத்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் பங்கு அவர் மனைவி, மகன், தாயார் மூவருக்கும் சமமாகப் போனது. மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சே கிடையாது. மகனோ மைனர், அவன் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். மூன்று பேர் தனித்தனியாக வாடகை கேட்டு வரவும், குடியிருந்தவர் யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவிட்டார். அவரைக் காலி செய்ய வைக்கக் கூட்டு உரிமையாளர்களில் ஒருவரே வழக்குப் போடலாம், மற்றவர்கள் ஆட்சேபிக்காத வரை. இறந்தவரின் தாயார் ஆட்சேபித்தார்.

கிரயப் பத்திரத்திலேயே இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு வரி. வாடகை யார் கணக்குக்கு, மராமத்துச் செலவு எப்படி, ஒருவர் விலக நினைத்தால் பங்கை முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்று தனியாக ஓர் ஒப்பந்தம். ஆளுக்கொரு உயில். நல்ல வக்கீல் ஒருவர் முடித்துக் கொடுத்துவிடுவார். "நமக்குள்ளே எதுக்கு இதெல்லாம்" என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த எழுத்து தேவைப்படும் நாளில் பேசிக்கொள்ளப்போவது நீங்கள் இருவரும் இல்லை, உங்கள் வாரிசுகள்.

மனைவி பெயரில் வாங்கினால் வரி மிச்சமா?

உங்கள் பணத்தில் அவர் பெயருக்கு வாங்கினால் வாடகை உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினால் அது அவர் வருமானம்.

கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கலாமா?

ஒன்றிரண்டு வீட்டுக்கு வேண்டாம்.

11 மாத ஒப்பந்தம் போதுமா?

ஓராண்டுக்குக் குறைவு என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டாம், சரி. ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, நகர்ப்புறங்களில் எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வாடகைக்கு விடுகிறவர்கள்

உங்களுக்குத் தரும் வாடகையில் வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது குடியிருப்பவரின் பொறுப்பு. மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் என்ற வரம்பு இந்தியாவில் வசிக்கும் வீட்டுக்காரர்களுக்கு மட்டும். அட்வான்ஸ் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.