'டிட் யூ வென்ட்' தவறைத் தவிர்ப்பது எப்படி?

நன்றாக வேலை தெரிந்தவர், பல வருடம் ஆங்கிலம் படித்தவர். அவரிடமிருந்து 'ஐ டிட் நாட் வென்ட்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. தப்பு என்று சிவப்பு மையில் வட்டம் போட்டவர்கள், ஏன் தப்பு என்று சொல்லித் தந்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சரி, ஒரு தாளில் 'யூ வென்ட்' என்று எழுதுங்கள். 'வென்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் போவதும் இருக்கிறது, இறந்தகாலமும் இருக்கிறது. இதைக் கேள்வியாக்க முன்னால் 'டிட்' போடுகிறோம். 'டிட்' வந்ததுமே இறந்தகாலத்தை அது வாங்கிக்கொள்கிறது. எனவே 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிவிட வேண்டும்: 'டிட் யூ கோ?'

நமக்கு இடறுவதற்குக் காரணம் உண்டு. 'போனாய்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் 'போனாயா' என்று கேள்வி வந்துவிடும்; வினைச்சொல் அப்படியே இருக்கும். அதே கையோடு 'வென்ட்' என்பதையும் மாற்றாமல் விட்டுவிடுகிறோம். ஆனால் மறுத்துச் சொல்லும்போது பாருங்கள். 'போனவில்லை' என்று நாம் சொல்வதே இல்லை, 'போகவில்லை' என்றுதான் சொல்கிறோம். 'போக' என்பதில் காலம் கிடையாது. 'டிட் நாட் கோ' என்பதில் வரும் 'கோ'வும் அப்படித்தான். எழுதும்போது சந்தேகம் வந்தால் 'போகவில்லை'யை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 'டஸ்'. இதுவும் அதே கணக்குதான். 'ஹி நோஸ்' என்பதில் கடைசியில் உள்ள 'எஸ்', 'டஸ்' வந்ததும் அதற்குப் போய்விடும்: 'டஸ் ஹி நோ?', 'ஹி டஸ் நாட் நோ'. 'ஹி டோன்ட் நோ' வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். யார் போனது என்று கேட்க 'ஹூ வென்ட்?' என்பதே சரி. அங்கே 'டிட்' இல்லை, அதனால் 'வென்ட்' மாறவும் இல்லை.

இப்போது உங்கள் போனில் நீங்கள் அனுப்பிய பழைய செய்திகளில் 'டிட்' என்று தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொன்றிலும் அடுத்து வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். 'டோல்ட்' இருந்தால் 'டெல்', 'பாட்' இருந்தால் 'பை', 'கேம்' இருந்தால் 'கம்' என்று திருத்தி, வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். காதுக்குப் பழகினால்தான் பேசும்போதும் சரியாக வரும்.

அப்புறம் இன்னொரு தவறு, 'டிஸ்கஸ் அபவுட்'. இது 'பற்றி' செய்யும் வேலை. 'டிஸ்கஸ்' என்றால் 'பேசு' என்று மனப்பாடம் செய்ததால், 'பற்றி'யும் கூடவே 'அபவுட்' ஆகி வந்துவிடுகிறது. 'அலசு' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'திட்டத்தை அலசினோம்' என்பதில் 'பற்றி' தேவைப்படவில்லை. 'வி டிஸ்கஸ்டு த பிளான்' என்பதும் அவ்வளவுதான். 'டாக்' போட்டால் மட்டும் 'அபவுட்' வேண்டும்: 'வி டாக்டு அபவுட் த பிளான்'.