பல்கேரியாவில தலையாட்டின கூத்து

பல்கேரியாவுக்கு பெடிபெட்டையளின்ர கோடைக் காம்புக்கு வொலண்டியரா போற யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன், அங்க தலைய இடம் வலமா ஆட்டினா ஓம், மேல கீழ ஆட்டினா இல்லை. ஐரான் (எங்கட உப்பு மோர் மாதிரித்தான், கொஞ்சம் தடிப்பு) ஊத்த வந்த பெட்டைக்கு நான் போதும் போதும் எண்டு தலையாட்ட ஆட்ட அவள் ஊத்திக்கொண்டே நிண்டாள், கிளாஸ் வழிஞ்சு மேசையெல்லாம் வெள்ளை, எல்லாரும் என்னைத்தான் பாக்கினம். நீந்தப் போகட்டோ எண்டு கேட்ட சின்னவனுக்கு ஓமெண்டு ஆட்ட, பாவம் முகம் சுருங்கிப் போய் இருந்திட்டான். வெளிநாட்டுக்காரரோட பழகின சிலர் எங்களுக்காக மாத்தியும் ஆட்டுவினம், அது இன்னும் பெரிய குழப்பம். பேந்து தலைய அசைக்கிறதையே விட்டிட்டு ஓம், இல்லை ரெண்டையும் அவையின்ர பாஷையில வாயாலயே சொல்லத் தொடங்கினன், ஐரான் வந்தா கிளாஸுக்கு மேல உள்ளங்கைய வைச்சிடுவன், பிறகு ஒரு சொட்டும் வழியேல்லை.