தெரிந்த வார்த்தைதான் தடுக்கிவிடும்: பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் புதிதாக வருபவர்களுக்கு

லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு நாங்கள் வந்த இரண்டாம் மாதம், என் மனைவிக்குக் காய்ச்சல் நான்கு நாளாகியும் இறங்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டரிடம் பதிவு செய்திருந்தோம். போன் போட்டேன். "நாளைக் காலை ஒன்பது இருபதுக்கு சர்ஜரிக்கு வாருங்கள்" என்றார் வரவேற்பில் இருந்த அம்மா. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியின் முகம் வெளிறிவிட்டது. எங்கள் நாகர்கோவிலில் சர்ஜரி என்றால் ஆபரேஷன். அன்று இரவு அவள் ஊருக்குப் பேசி அழுதாள். மறுநாள் போய்ப் பார்த்தால் வரிசை வீடுகளுக்கு நடுவில் ஒரு பழைய வீடு. உள்ளே பத்து நாற்காலி, மூலையில் குழந்தைகள் விளையாட ஒரு மரப் பொம்மை. டாக்டர் தொண்டையைப் பார்த்தார், மாத்திரை எழுதினார், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். பிரிட்டனில் சர்ஜரி என்றால் குடும்ப டாக்டரின் கிளினிக்.

பதினான்கு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: தெரியாத வார்த்தை வந்தால் நாம் நின்று கேட்டுவிடுவோம். பள்ளியிலேயே படித்துவிட்டோம் என்று நினைக்கிற வார்த்தையில்தான் தடுக்கி விழுவோம். அந்த வார்த்தைக்குள் இந்த நாட்டின் வரலாறு உட்கார்ந்திருக்கிறது. அது தெரிந்தால்தான் பொருள் பிடிபடும். என் அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள். அதே வார்த்தைக்கு அங்கே வேறு வரலாறு, வேறு பொருள். எனவே இரண்டு ஊருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சர்ஜரியையே முடித்துவிடுகிறேன். இங்கே அறுவை சிகிச்சை நிபுணரை 'டாக்டர்' என்று அழைக்க மாட்டார்கள்; 'மிஸ்டர்', 'மிஸ்' என்பார்கள். 1540 முதல் 1745 வரை லண்டனில் நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். பட்டம் பெற்ற வைத்தியருக்குத்தான் டாக்டர் பெயர். கத்தி பிடித்தவர் மிஸ்டராகவே நின்றார். இன்று அது பெருமைக்குரிய அழைப்பு. ஆகவே கடிதத்தில் மிஸ்டர் என்று இருந்தால், டாக்டர் இல்லாத யாரோ பார்க்கப்போகிறார் என்று பயப்படாதீர்கள்.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. விசாவுக்கே ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்று சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள் (2024 பிப்ரவரி முதல் இந்தத் தொகை, மாணவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 776). ஆகவே கூச்சப்படாமல் வந்த வாரமே ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிந்துவிடுங்கள். இங்கிலாந்தில் பதிவதற்கு முகவரிச் சான்றோ விசா நகலோ கட்டாயம் கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் 999. எங்கே போவது என்றே புரியவில்லை என்றால் 111. அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே முதலில் காப்பீட்டு அட்டை, பிறகுதான் டாக்டர். 'டிடக்டிபிள்' என்றால் காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தொடங்குமுன் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை. இந்த ஒரு வார்த்தை புரியாமல் அக்கா வீட்டில் ஒரு வருடச் சேமிப்பு போனது.

சர்ஜரிக்கு இன்னொரு பொருளும் உண்டு. உங்கள் தொகுதி எம்பி வாரக் கடைசியில் மக்களை நேரில் சந்திப்பதற்கும் சர்ஜரி என்றுதான் பெயர். விசா முடிவு மாதக்கணக்கில் தேங்கி நின்றால் அங்கே போகலாம். நீங்கள் குடியுரிமை பெற்றவரா என்று பார்ப்பதில்லை, அந்தத் தொகுதியில் வசிப்பவராக இருந்தால் போதும்.

பள்ளிக்கூடம்

புதிதாக வந்த ஒரு தம்பி என்னிடம், "அண்ணா, பையனைப் பப்ளிக் ஸ்கூலில்தான் போடப்போகிறேன், அதுதானே இலவசம்" என்றார். அமெரிக்காவில் அது சரி. அங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் வீட்டு வரியிலிருந்தும் மாநில நிதியிலிருந்தும் நடக்கும் அரசுப் பள்ளி. இங்கிலாந்தில் பப்ளிக் ஸ்கூல் என்றால் நாட்டிலேயே மிக அதிகமாகக் கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளி. பணக்காரர்கள் வீட்டிலேயே ஆசிரியரை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்த காலத்தில், ஊர் பேர் பார்க்காமல் யாரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி என்பதால் அந்தப் பெயர். ஈட்டன் 1440இல் ஆறாம் ஹென்றி அரசர் 70 ஏழைச் சிறுவர்களுக்கு இலவசமாகப் படிப்புத் தர ஏற்படுத்தியது. அது பிற்பாடு பிரதமர்கள் பலர் படித்த இடமாயிற்று.

இங்கே நமக்கு வேண்டியது 'ஸ்டேட் ஸ்கூல்'. கட்டணம் இல்லை. நான்கு வயது முடிந்ததும் வருகிற செப்டம்பரில் குழந்தை 'ரிசெப்ஷன்' வகுப்பில் சேரலாம். ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15, மேல்நிலைக்கு அக்டோபர் 31: இங்கிலாந்தில் விண்ணப்பத்துக்கு இவைதாம் கடைசி நாட்கள். நடு ஆண்டில் வந்தவர்களுக்குத் தனி விண்ணப்பம் உண்டு, கவுன்சிலில் (உள்ளாட்சி அலுவலகத்தில்) கேளுங்கள். வீடு பார்க்குமுன் 'கேட்ச்மென்ட்', அதாவது பள்ளி பிள்ளைகளை எடுக்கும் சுற்றுவட்டாரம், என்ற வார்த்தையைக் கேட்டு வையுங்கள். பல பள்ளிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம்தான் இடத்தை முடிவுசெய்கிறது. ஒரு தெரு தள்ளி வாடகைக்கு எடுத்து இடம் கிடைக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரி, வாக்கு

வீட்டுக்கு வருகிற முதல் பெரிய கடிதம் கவுன்சில் டாக்ஸாக இருக்கும். வீட்டு உரிமையாளர் கட்டுவார் என்று ஒதுக்கிவைக்காதீர்கள். பெரும்பாலும் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். குப்பை, நூலகம், தெருவிளக்கு எல்லாம் இதில்தான். இங்கிலாந்தில் இதை 1991 ஏப்ரலில் அந்த வீட்டுக்கு என்ன விலை இருந்திருக்கும் என்று கணக்கிட்டுத்தான் இன்றைக்கும் போடுகிறார்கள். தனியாக இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கட்டவே வேண்டாம். ஆனால் இவை தானாக வராது, நாம் எழுதிக் கேட்க வேண்டும்.

இந்த வரி ஏன் 1993இல் வந்தது என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் குரலை உயர்த்துவார்கள். அதற்கு முன் இருந்தது 'போல் டாக்ஸ்', அதாவது தலைக்கு இவ்வளவு என்ற வரி. மாளிகையில் இருப்பவருக்கும் ஒற்றை அறையில் இருப்பவருக்கும் ஒரே தொகை. 1990 மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரும் கலவரம் வெடித்தது. அந்த நவம்பரில் பிரதமர் மார்கரெட் தாட்சர் பதவி விலக அதுவும் ஒரு காரணம். 1381இலேயே தலைவரிக்கு எதிராக உழவர்கள் லண்டனுக்குள் புகுந்திருக்கிறார்கள். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் தாழ்த்தப்பட்ட மக்களிடம் வாங்கிய தலைக்கரத்தைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவன் நான். அதனால் இந்தக் கோபம் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

அதே 'போல் டாக்ஸ்' என்ற பெயர் அமெரிக்காவில் வேறு காயம். தென் மாநிலங்களில் வாக்குப் போட வேண்டுமானால் அந்த வரியைக் கட்டியிருக்க வேண்டும் என்று வைத்து, கறுப்பின மக்களையும் ஏழைகளையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தினார்கள். 1964இல் வந்த 24ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மத்தியத் தேர்தல்களில் அதைத் தடைசெய்தது. 1966இல் உச்ச நீதிமன்றம் மாநிலத் தேர்தல்களுக்கும் தடை போட்டது. வாக்காளர் அடையாள அட்டை என்றாலே அங்கே ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகிறார்கள் என்பதற்கு வேர் இங்கேதான்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பிரிட்டனில் வசிக்கிற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், விசா கையில் இருந்தால், நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா எல்லாம் காமன்வெல்த்தான். மாணவர் விசாவில் இருப்பவருக்கும் உரிமை உண்டு. வந்ததும் பதிந்துவிடுங்கள், வாக்குச்சாவடியில் காட்ட உங்கள் இந்திய பாஸ்போர்ட்டே போதும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கடன், போன் ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் உதவும்.

அமெரிக்காவில் இதைச் செய்துவிடாதீர்கள். நாடாளுமன்றத்துக்கும் அதிபருக்கும் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம். ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும்போதே வாக்காளர் பதிவுப் படிவத்தையும் நீட்டுவார்கள். 1993 சட்டப்படி அப்படி. 'குடிமகனா' என்ற கட்டத்தில் யோசிக்காமல் டிக் போட்டால் கிரீன் கார்டே போகும் அளவுக்கு அது பெரிய குற்றம்.

நீங்கள் யார்?

'ஏஷியன்' என்றால் பிரிட்டனில் முதலில் மனதில் வருவது இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், நம் இலங்கைத் தமிழர். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு முதலில் சீனர், ஜப்பானியர், கொரியர் முகம்தான் வரும். அங்கே நம்மை 'இண்டியன்' என்றாலும் சிக்கல், ஏனென்றால் 1492இல் கொலம்பஸ் செய்த பிழையால் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். 1923இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார், ஆகவே குடியுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 1946இல் சட்டம் மாறியும் ஆண்டுக்குச் சுமார் நூறு பேருக்குத்தான் கதவு திறந்தது. பெரிய கதவு 1965 குடிவரவுச் சட்டம். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைப்பட்டு, உயிர்விட்டுப் போராடிய அதே ஆண்டுகளில், அந்தப் போராட்டம் உண்டாக்கிய மனமாற்றத்தில்தான் அந்தச் சட்டம் வந்தது. ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நாள், ஜூன் 19 அடிமைமுறை ஒழிந்ததை நினைவுகூரும் ஜூன்டீன்த். இந்த இரண்டையும் வெறும் விடுமுறையாகக் கழிக்காதீர்கள் என்று அக்கா தன் பிள்ளைகளிடம் சொல்லுவாள். நானும் அதையே சொல்கிறேன்.

இங்கே வேறொரு கவனம் வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரை, வேல்ஸ்காரரை 'இங்கிலீஷ்' என்று சொல்லிவிடாதீர்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1707இல்தான் ஒன்றாயின. சட்டமும் பள்ளியும் அங்கே இன்றும் தனி. கிளாஸ்கோவில் வேலை கிடைத்துப் போகிறவர்கள் முதல் நாளே இதை நினைவில் வையுங்கள்.

சின்னச் சின்னவை: வட இங்கிலாந்தில் 'டீக்கு வாருங்கள்' என்றால் மாலைச் சாப்பாடு; பிஸ்கட் தின்றுவிட்டுப் போகாதீர்கள். 'யூ ஆல்ரைட்?' என்றால் வணக்கம், உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லை. பிரிட்டனில் சிவப்பு இடதுசாரி லேபர், நீலம் கன்சர்வேட்டிவ். அமெரிக்காவில் சிவப்பு ரிபப்ளிகன், நீலம் டெமாக்ரட். அமெரிக்காவில் முதல் மாடி என்பது நம் தரைத்தளம்.

நவம்பர்

நவம்பர் 5 இரவு வெடிச் சத்தம் கேட்டால் தீபாவளி என்று நினைப்போம். அது 1605இல் நாடாளுமன்றத்தின் அடியில் வெடிமருந்து அடுக்கி அரசரைக் கொல்ல முயன்று கை ஃபாக்ஸ் பிடிபட்ட நாள். நமக்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது: சாதாரண நாளில் இரவு 11 மணிக்கு மேல் வெடிக்கக் கூடாது, தீபாவளி இரவில் ஒரு மணி வரை வெடிக்கலாம்.

அதே வாரங்களில் எல்லோர் சட்டையிலும் சிவப்புக் காகிதப் பூ, பாப்பி. 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு முதல் உலகப் போர் ஓய்ந்தது. அந்த நாளில் அந்த நேரத்தில் இரண்டு நிமிடம் கடையும் அலுவலகமும் பள்ளியும் அமைதியாகும். சூப்பர்மார்க்கெட்டில் பால் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே எல்லோரும் நின்றதைப் பார்த்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. இது அவர்கள் போர், நமக்கென்ன என்று சில நண்பர்கள் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் போரில் பணியாற்றினார்கள். தென் இங்கிலாந்தில் கடலோர ஊரான பிரைட்டனின் மருத்துவமனைகளில் இறந்த இந்துக்கள், சீக்கியர்கள் 53 பேரை ஊருக்கு மேலே புல்வெளிக் குன்றில் எரியூட்டினார்கள். அங்கே 'சத்ரி' என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் நிற்கிறது, ஒருநாள் போய் வாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர்தான், நம் வீடுகளில் 'அவன் சரியான எம்டன்' என்று இன்னும் புழங்குகிறது.

கடைசியாக, காகிதம்

'விண்ட்ரஷ்' என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். 1948 ஜூன் 22 அன்று கரீபியனிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்து டில்பரி துறைமுகத்தில் இறக்கிய கப்பல் அது. அப்படி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சட்டப்படி இங்கேயே வாழ்ந்தார்கள், பேருந்து ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் வேலை செய்தார்கள். ஐம்பது அறுபது ஆண்டு கழித்து, 'நீ இங்கே இருக்க உரிமை உண்டு என்று நிரூபி' என்றார்கள். அவர்கள் வந்திறங்கிய சீட்டுகளை உள்துறையே 2010இல் அழித்திருந்தது. வேலை போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018இல்தான் இது நாடறிந்த விவகாரமானது.

நம் விசா இப்போது அட்டையில்கூட இல்லை, இணையக் கணக்கில் இருக்கிறது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு போடுங்கள்: பழைய பாஸ்போர்ட், விமானச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, கவுன்சில் டாக்ஸ் கடிதம், ஜிபி கடிதம். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்வரும்போதும் புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அந்த நோட்டு அரிசி டின்னுக்கு மேல் தட்டில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வந்ததும் பெட்டியைத் திறக்குமுன் என் மனைவி அதில் தேதியை எழுதிவிடுவாள்.