கரூவில் கின்னிக்கோழி: திறந்துவிடும் அவசரம் வேண்டாம்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். டர்பனில் வேலையை விட்டுவிட்டு இங்கே தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியில், பியூஃபோர்ட் வெஸ்ட் பக்கம் நிலம் வாங்கி வந்தவர். "அண்ணே, பதினாறு கின்னிக்கோழி வாங்கினேன். நாலு நாள் அடைச்சு வச்சுட்டுத் திறந்துவிட்டேன். ஒண்ணுகூடத் திரும்பலை" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்த வறண்ட மண்ணுக்கு வந்த முதல் வருடம் நான் செய்ததும் இதேதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் இதையே செய்வதைப் பார்த்துவிட்டேன்.

தண்ணீரைத் தினமும் மாற்று, கதவைத் தாழிடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாலு நாளில் திறந்துவிடுவது

நான் வாங்கியது வளர்ந்த பறவைகள், இருபத்திரண்டு. விற்றவர் "ரெண்டு நாள் போதும், இடம் பழகிடும்" என்று சொல்லி அனுப்பினார். நான் ஐந்தாம் நாள் காலையில் திறந்தேன். முதல் ஒரு மணி நேரம் காற்றாலைப் பம்பைச் சுற்றி எறும்பு பொறுக்கின. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு அழகு. பத்து மணிக்குள் வறண்ட ஆற்றுப் படுகையின் முள்மரங்கள் பக்கம் போய்விட்டன. அங்கே காட்டுக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.

இந்த நாட்டில் கின்னிக்கோழி வளர்ப்பவர்களுக்கு உள்ள தனிச் சிக்கல் இது. ஆப்பிரிக்கான்ஸில் தாரன்தால், ஜூலுவில் இம்பங்கேலே என்று சொல்வது இதே பறவையைத்தான். நாம் வளர்ப்பதும் காட்டில் திரிவதும் ஒரே இனம். குளிர்காலத்தில் காட்டுப் பறவைகள் பெருங்கூட்டமாகச் சேர்ந்திருக்கும். வீடு எது என்று இன்னும் பதியாத பறவை அந்தக் குரலைக் கேட்டால் அதன் பின்னால் போய்விடும். என்னுடையவை அப்படி எட்டு போயின. மீதி யூகலிப்டஸ் மரத்தில் ஏறி உறங்கின. இரவில் கின்னிக்கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆந்தை வந்தாலும், கேரகல் பூனை மரமேறினாலும், அப்படியே உட்கார்ந்திருக்கும். தினமும் காலையில் மரத்தடியில் வெள்ளைப் புள்ளி போட்ட சாம்பல் இறகுகளைப் பொறுக்கினேன். இரண்டு வாரத்தில் மிஞ்சியது மூன்று.

வளர்ந்த பறவைக்கு வீடு என்றால் அது வளர்ந்த இடம்தான். அதை மாற்ற ஆறு வாரம் அடைத்து வைக்க வேண்டும். நான் இப்போது எட்டு வாரம் வைக்கிறேன். நாலு பக்கமும் தகரம் அடித்த கொட்டகை உதவாது. ஒரு பக்கமாவது கோழிவலை இருக்கட்டும். நாயையும் வீட்டையும் நீங்கள் நடமாடுவதையும் பார்த்துப் பார்த்துத்தான் அதற்கு இடம் மனதில் நிற்கும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்காதீர்கள். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, தீவனம் வைப்பதற்கு முன், பசியோடு இருக்கும் இரண்டை மட்டும் வெளியே விடுங்கள். உள்ளே இருப்பவை கத்தும், வெளியே போனவை அந்தச் சத்தத்தை விட்டுத் தூரம் போகாது. கூட்டத்தைப் பிரிந்திருக்க இந்தப் பறவையால் முடியாது. அந்தக் குணத்தைத்தான் நாம் கயிறாகப் பயன்படுத்துகிறோம். மறுநாள் நாலு, அதற்கடுத்து ஆறு. முதல் இரண்டு வாரம் பாதிக் கூட்டமாவது உள்ளே இருக்கட்டும். திரும்ப அழைக்க ஒரே தகர டப்பா, ஒரே சத்தம், அதில் கொஞ்சம் தினை. அந்தத் தினையை வேறு நேரத்தில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, இருட்டான கொட்டகைக்குள் இவை நுழையாது. வாசல் வரை வந்து தயங்கிவிட்டு மரத்துக்குப் போய்விடும். உள்ளே ஒரு சின்ன சோலார் விளக்கு எரிந்தால் தானாக உள்ளே போகும். எனக்கு இது தெரிய மூன்று வருடம் ஆனது.

ரெண்டு நாள் போதும் என்று சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. சாவது விற்றவரின் பறவை இல்லையே. முடிந்தால் வளர்ந்ததை வாங்கவே வேண்டாம், முட்டையோ குஞ்சோ வாங்குங்கள். உங்கள் கொட்டகையில் கண் திறந்த குஞ்சுக்கு அதுதான் ஊர்.

பாலைவனம்தானே, குளிராது என்று நினைப்பது

பகலில் நாற்பது டிகிரியைத் தொடும் இதே கரூவில் குளிர்கால இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், பிறகு வாரம் மூன்று டிகிரி குறைக்கலாம். குளிரைவிட ஈரம்தான் பெரிய எமன். விடிகாலைப் பனியில் நனைந்த குஞ்சு மத்தியானம் வரை தாங்காது.

செய்தித்தாள் விரிப்பு

குஞ்சுக்கு வழுக்கும், கால் விரிந்துவிடும். சாக்குத் துணி போடுங்கள்.

ஆழமான தண்ணீர்த் தட்டு

குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். கூழாங்கல் நிரப்புங்கள்.

கிடைத்த தீவனத்தைப் போடுவது

குஞ்சுக்குப் புரதம் 24 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சாதாரணக் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் அவ்வளவு இருக்காது. அதைவிட முக்கியம், மூட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பது. ரத்தக்கழிச்சலுக்காகச் சில தீவனங்களில் மொனென்சின் என்ற மருந்தைக் கலந்திருப்பார்கள். கின்னிக்கோழிக்கு அது உயிரைப் பறிக்கும் நஞ்சு. குதிரைக்கும்தான். குதிரை வைத்திருப்பவர்கள் அந்த மூட்டையை லாயத்துப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

ஜோடி என்று நம்பி வாங்குவது

சேவலும் பேடும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். குரலைக் கேளுங்கள், இரண்டு அசையில் திரும்பத் திரும்பக் கத்துவது பேடு மட்டுமே.

பாம்புக்குக் காவல் என்று நினைப்பது

பாம்பைக் கண்டால் ஊரைக் கூட்டும். அதோடு சரி. செருப்பைப் போட்டுக்கொண்டு நடங்கள்.

முட்டையை மொத்தமாக எடுப்பது

புரட்டாசி விரதம் வரும் சமயம்தான் இங்கே வசந்தம், பேடு முட்டையிடத் தொடங்கும் காலம். வீட்டில் யாரும் முட்டை தொடாத மாதம் என்பதால் நம்மவர்கள் பலர் தேடுவதையே விட்டுவிடுகிறார்கள். அதற்குள் நாலைந்து பேடுகள் சேர்ந்து ஒரே புதரில் முப்பது முட்டை வரை இட்டுவிடும். அப்புறம் அதில் ஒன்று அடைக்கு உட்காரும். 26 முதல் 28 நாள் தரையில் இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் பேடு நரிக்குக் கிடைத்த சோறு.

சேவல் ஒன்று காலையில் ஒரு புதருக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டே இருந்தால் கூடு அங்கேதான். பேடு எழுந்து போகும் வரை பொறுத்திருந்து எடுங்கள். நாலைந்து முட்டையை அங்கேயே விட்டு, அவற்றில் பென்சிலால் குறி போடுங்கள், அப்போதுதான் புதிதாக இட்டது எது என்று தெரியும். காலி செய்துவிட்டால் பேடு வேறு புதருக்கு மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

அந்தத் தம்பிக்குக் குறி போடாத முட்டை இருபது எடுத்து வைத்திருக்கிறேன். அவர் கொட்டகையின் கிழக்குப் பக்கத் தகரத்தைக் கழற்றி வலை அடித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.