தனியிசைக்கும் குழுவுக்கும் ஒரே டியூபா: தெரிவும் மாற்றமும்

கொழும்பில் பாடசாலை மேலைத்தேய வாத்தியக் குழுவில் டியூபா (மிகத் தாழ்ந்த சுரங்களைத் தரும் பெரிய பித்தளை ஊதுகருவி) பழகியவர், பின்னர் பியானோவுடன் தனியிசையும் வாசிக்க விரும்பினால், இரண்டு கருவிகள் வாங்குவது பெரும்பாலும் கைக்கு எட்டாத செலவு. ஆகவே இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் ஒன்றைத் தெரிந்து, அதைத் தமக்கேற்பச் சீர்செய்துகொள்வதே முறை.

அடிச்சுருதியால் வேறுபடும் டியூபா வகைகளில், பி பிளாட் டியூபாவின் குழாய் ஏறக்குறைய 5.5 மீற்றர் நீளமானது. குழுவுக்கு உறுதியான அடித்தளம் தரும், ஆனால் விரைவான தனியிசைப் பகுதிகளில் கனமாக இழுபடும். எஃப் டியூபா தனியிசைக்கு இனியது, பெரிய குழுவின் அடியைத் தாங்க அதன் உடல் போதாது. இடைப்பட்ட, ஏறக்குறைய 4 மீற்றர் நீளமுள்ள ஈ பிளாட் டியூபாவையே, அதுவும் நான்கு வால்வுகளும் (அழுத்தினால் மேலதிகக் குழாயைச் சேர்த்துச் சுருதியை இறக்கும் விசைகள்) கீழ்ச்சுரங்களின் சுருதியை ஈடுசெய்யும் அமைப்பும் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன்.

அந்த அமைப்பின் அருமை கணக்கில் விளங்கும். 4 மீற்றர் குழாயில் அரைச்சுரம் இறங்க இரண்டாம் வால்வு 24 சென்ரிமீற்றர் சேர்த்தால் போதும். நான்காம் வால்வை அழுத்தியதும் குழாய் 5.3 மீற்றருக்கு மேல் நீள்வதால், அதே அரைச்சுரத்துக்கு 32 சென்ரிமீற்றர் வேண்டும். அந்த 8 சென்ரிமீற்றர் குறைவினாலேயே இவ்வமைப்பு இல்லாத சாதாரணக் கருவியின் கீழ்ச்சுரங்கள் சுருதி ஏறி ஒலிக்கின்றன. டேவிட் பிளெய்க்லி 1874 இல் வகுத்த முறையில், நான்காம் வால்வு காற்றை மீண்டும் ஒருமுறை வால்வுகளூடாகச் சுற்றிவிட, மேலதிகச் சிறு குழாய்கள் அந்தக் குறையை நிரப்புகின்றன.

பாவித்த கருவியானால், மவுத்பீஸ் (உதட்டை வைத்து ஊதும் கிண்ணமுள்ள துண்டு) பொருந்தும் முதற்குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு வளையத்தின் நடுவே கரும்புள்ளி தெரிந்தால், எச்சில் ஈரத்தால் பித்தளை உள்ளிருந்தே அரித்து வருகிறது. மேலே எவ்வளவு மினுக்கினாலும் பயனில்லை, அந்தக் குழாயை மாற்றவேண்டும். அடுத்து, வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைட்டை (இழுத்து நீட்டக்கூடிய வளைகுழாயை) வெளியே இழுத்து, சில செக்கன்கள் பொறுத்து, வால்வை அழுத்துங்கள். "பொக்" என்ற சத்தம் கேட்டால் காற்றுக் கசிவு இல்லை. கேளாவிடில் விலையைப் பேசுமுன் இருமுறை யோசியுங்கள்.

மாற்றங்களை மலிவானதிலிருந்து தொடங்குங்கள். வால்வுகளில் உள்ள நசுங்கிய ஃபெல்ட்டுகளை (கம்பளி மெத்தை வளையங்களை)ப் புதுப்பித்தாலே வால்வுத் துளைகள் நேருக்கு நேர் வந்து, மந்தமான சுரங்கள் திறந்துகொள்வதுண்டு. மவுத்பீஸ் இரண்டு வைத்திருங்கள்: குழுவுக்கு ஆழமான கிண்ணம், தனியிசைக்குச் சற்று ஆழம் குறைந்தது. பழைய பிரித்தானியக் கருவிகளில் மவுத்பீஸ் செருகும் துளை இன்றைய மவுத்பீஸ்களுக்குச் சிறிதாக இருப்பதுண்டு. அப்போது மவுத்பீஸின் தண்டை லேத் பட்டறையில் கடைந்து மெலியுங்கள், கருவியின் குழாயை ஒருபோதும் தொடவேண்டாம். நான்காம் வால்வு பக்கவாட்டில் இருந்தால் இடக்கை அதற்கே போய்விடும். ஆகவே, கருவி முழுவதின் சுருதியையும் மாற்றும் பிரதான ஸ்லைட்டை அந்த இடக்கையின் பெருவிரலாலேயே நகர்த்தும் ட்ரிகர் (நெம்புவிசை) ஒன்றைப் பொருத்துவது, பியானோவுடன் வாசிப்பவருக்குச் செலவழிக்கத் தகுந்த மாற்றம்.

சுருதியை உயர்த்தப் பிரதான ஸ்லைட்டை வெட்டிக் குறுக்குமாறு யாராவது சொன்னால் பொறுத்திருங்கள். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏற, ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 0.6 மீற்றர் கூடும். எனவே வளிச்சீராக்கிய மண்டபத்தில் இறங்கி ஒலித்த அதே டியூபா, காலிமுகத்திடல் வெயிலில் ஏறி ஒலிக்கும். இரண்டு இடத்திலும் நன்றாக ஊதிச் சூடாக்கிய பின் சுருதிமானியில் அளந்து, ஸ்லைட் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதைச் சில வாரங்கள் குறித்து வையுங்கள். குளிர்ந்த மண்டபத்திலும், ஸ்லைட்டை முற்றாக உள்ளே தள்ளிய பிறகும், சுருதி எட்டாவிட்டால் மட்டுமே வெட்டுங்கள்.