பழைய போகிமான் கேசட்டில் யாரோ விட்டுப்போன சேவ் ஃபைலை அழிப்பது எப்படி?

செகண்ட் ஹேண்டில் ஒரு போகிமான் ரெட் கேசட் வாங்கினேன். கேம்பாயில் போட்டதும் ‘கண்டினியூ’ முதல் வரியில் வந்து நின்றது. உள்ளே போனால் முன்பு வைத்திருந்தவர் எட்டு பேட்ஜும் வாங்கி முடித்திருக்கிறார். 1998-ல் அமெரிக்காவில் வெளிவந்த கேம். சேவைக் காத்துவைக்க கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி இன்னும் உயிரோடு இருப்பதே ஆச்சரியம்தான்.

‘நியூ கேம்’ கொடுத்து ஆட ஆரம்பித்தால் போதாதா? ஆரம்பிக்கலாம். ஆனால் நாம் ஒருமுறை சேவ் செய்து, பழையதன் மேல் எழுத ஒப்புக்கொள்ளும்வரை பழைய ஆள் அங்கேயே இருப்பார். அதற்குள் கேம்பாயின் பேட்டரி தீர்ந்தால் நம் ஆட்டம் போச்சு, அவருடையது பத்திரம். அதனால் முதலிலேயே துடைத்துவிடுவது நல்லது.

1. அழிப்பதற்கு முன் ஒரு நகல்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். அழித்தது திரும்பி வராது. நான் பயன்படுத்துவது ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ என்ற சின்ன ரீடர், கூடவே ஃப்ளாஷ்ஜிபிஎக்ஸ் மென்பொருள். கேசட்டைச் செருகி, யூஎஸ்பியில் மாட்டி, சேவ் டேட்டாவை பேக்கப் எடுத்தால் 32 கேபி அளவில் ஒரு ஃபைல் கிடைக்கும். இரண்டு தடவை எடுத்து இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் கேசட்டின் பின்களில் அழுக்கு. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, மறுபடி எடுங்கள். வாயால் ஊதும் பழக்கம் வேண்டவே வேண்டாம். எச்சில் ஈரம் பின்களை அரிக்கும்.

வோல்டேஜை மாற்ற ஸ்விட்ச் உள்ள ரீடர் என்றால் கவனம். கேம்பாய் கேசட்டுக்கு 5 வோல்ட், கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுக்கு 3.3 வோல்ட். மாற்றி வைத்தால் அட்வான்ஸ் கேசட் வீணாகலாம்.

2. மூன்று பொத்தான்

நான் அரை மணி நேரம் முட்டி மோதியது இங்கேதான். மேல் அம்பு, செலக்ட், பி மூன்றையும் ஒன்றாக அழுத்த வேண்டும். எங்கே அழுத்துவது என்பதில்தான் கோட்டைவிட்டேன்.

‘கண்டினியூ, நியூ கேம், ஆப்ஷன்’ என்று பட்டியல் வருமே, அந்தத் திரையில் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அதற்கு முந்தைய திரை: மேலே போகிமான் லோகோ, கீழே போகிமான்கள் ஒவ்வொன்றாக வந்து போகும் இடம். ஸ்டார்ட் தொடக்கூடாது. தொட்டால் பட்டியலுக்குப் போய்விடும். பி அழுத்தித் திரும்பி வர வேண்டியதுதான்.

சரியான திரையில் நின்றும் எனக்கு வரவில்லை. பிறகுதான் புரிந்தது: கட்டைவிரல் சரிந்து, மேல் அம்போடு இடது அம்பும் சேர்ந்து அழுந்திக்கொண்டிருந்தது. பழைய கேம்பாயில் அம்புப் பொத்தானின் ரப்பர் தேய்ந்திருந்தால் இது சகஜம். கேம்பாயை மேசைமேல் வைத்து, இடது ஆள்காட்டி விரலால் மேல் அம்பின் நுனியை மட்டும் அழுத்துங்கள். வலது கை செலக்ட்டையும் பியையும் பார்த்துக்கொள்ளட்டும். கேள்வி திரையில் வரும்வரை விரலை எடுக்க வேண்டாம்.

3. நோ, யெஸ்

எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும். அம்புக்குறி ‘நோ’வில்தான் நிற்கும். அவசரத்தில் ஏ தட்டினால் ஒன்றும் அழியாது. கீழே இறக்கி ‘யெஸ்’ கொடுங்கள். கேம் மறுபடி முதலிலிருந்து ஓடும். பட்டியலில் ‘கண்டினியூ’ காணாமல் போயிருந்தால் வேலை முடிந்தது.

ஆசைக்கு அதன்பின் ஒருமுறை ரீடரில் எடுத்துப் பார்த்தேன். 32,768 பைட்டும் வரிசையாக எஃப்எஃப், எஃப்எஃப் என்றே இருந்தன, அதாவது பழைய சேவ் துளியும் மிச்சமில்லை.

பிறகு வந்த போகிமான் கேம்களான கோல்டு, சில்வர், கிரிஸ்டல், ரூபி, சஃபயர், எமரால்டு, நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்தவை எல்லாவற்றுக்கும் இதே மூன்று பொத்தான்தான். 3டிஎஸ்ஸில் வந்த ‘போகிமான் எக்ஸ்’, ‘போகிமான் ஒய்’ இரண்டு கேமுக்கும் செலக்டுக்குப் பதில் எக்ஸ் பொத்தான். அழிக்கவே வழி வைக்காத கேம்களும் உண்டு. 2011-ல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்: தி மெர்சினரீஸ் 3டி’யில் முன்னேற்றத்தை ரீசெட் செய்யவே முடியாது என்று பெரிய சண்டையே நடந்தது.

பின்சேர்க்கை 1: கோல்டு வைத்திருக்கும் ஒருவர், பாஸ்வேர்டு கேட்கிறதே என்று எழுதியிருந்தார். அவர் மேல் அம்புக்குப் பதில் கீழ் அம்பை அழுத்தியிருக்கிறார். அது கேமுக்குள் ஓடும் கடிகாரத்தை மாற்றும் வழி. பெயர், ஐடி எண், கையிருப்புப் பணம் மூன்றையும் வைத்துத்தான் அந்தப் பாஸ்வேர்டு கணக்கிடப்படும். பதறாமல் ஆஃப் செய்துவிட்டு மறுபடி முயலலாம்.

பின்சேர்க்கை 2: “பேட்டரியைக் கழற்றினால் தானாக அழிந்துவிடாதா?” என்று பலர் கேட்கிறீர்கள். ரெட், ப்ளூ, கோல்டு, சில்வர் போன்றவற்றில் அழியும். சேவைத் தாங்கும் மெமரிக்கு அந்த பேட்டரிதான் மூச்சு. ஆனால் அதற்குக் கேசட்டின் தனி வகை ஸ்க்ரூவைக் கழற்றும் 3.8 மி.மீ. கேம்பிட் ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயர்னும் வேண்டும். பத்து விநாடி வேலைக்கு இவ்வளவு எதற்கு? பேட்டரி செத்துப்போய் மாற்றுவதானால் சால்டர் செய்யத் தகடு ஒட்டி வருவதையே வாங்குங்கள், கோல்டு, சில்வருக்கு சிஆர்2025. இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவைக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். கேசட் ஒருமுறை கீழே விழுந்தால் சேவ் போய்விடும்.

ரூபி, சஃபயர், எமரால்டில் கதை வேறு. அங்கே பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், சேவ் இருப்பது ஃப்ளாஷ் மெமரியில். “பேட்டரி தீர்ந்துவிட்டது” என்று திரையில் வந்தாலும் சேவ் அப்படியே இருக்கும். பேட்டரியைப் பிடுங்கினாலும் அழியாது. அந்த மூன்று பொத்தானுக்குத்தான் வர வேண்டும்.